மறதிநோயுள்ள அம்மா அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால்: வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அம்மாவுக்கு மறதிநோய் (டிமென்ஷியா) என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த ஏழு ஆண்டுகளில் அம்மாவை நான்கு முறை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நான்கு முறையும் முதல் அறிகுறி தென்பட்டபோது நான் அலுவலகத்தில் இருந்தேன், அல்லது அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இதே நிலையில் உள்ள உறவினர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், மருத்துவர்களிடமும் அனுபவத்திலும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மறதிநோய் உள்ளவருக்கு அதன்மேல் வேறொரு நோய் வரும்போது என்ன செய்வது என்பது மட்டுமே இதில் உண்டு. மருந்து எதையும் மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

இரண்டு நாளாகத் திடீரென்று குழப்பம் அதிகமாகிவிட்டது. மறதிநோய் முற்றிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. அல்சைமர் வகை மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடுவது. ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாள்களிலோ ஒருவர் அடியோடு மாறிவிட்டால், அதற்கு டெலிரியம் என்று பெயர். திடீர் மனக்குழப்பம் என்று சொல்லலாம். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு ஏற்பட்டு, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் மூளை அதைத் தாங்க முடியாமல் தடுமாறுவதுதான் இது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் குறைவது, இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்குவது, சர்க்கரை இறங்குவது, பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை, வெளியே சொல்லத் தெரியாத ஒரு வலி என்று காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

டெலிரியத்தின் இன்னொரு அடையாளம், அது ஒரே சீராக இராது என்பது. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார். இரவில் எழுந்து நடப்பார். இப்படிக் கத்திக் கலவரப்படுகிறவர்களை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்துவிடுகிறவர்கள்தான் கண்ணில் படாமல் போகிறார்கள். அம்மாவுக்கு முதல் முறை வந்தது இந்த இரண்டாவது வகை. தினமும் பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் "விலை ஏத்திட்டானா?" என்று கேட்பவர், அன்று காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி, மேலே ஆடை படிந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவு சரியாகத் தூங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நான் ஒன்பதேகாலுக்கு ரயிலைப் பிடித்துவிட்டேன். மாலை நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டு மாமி அழைத்தார். மருத்துவமனையில் பார்த்தபோது சோடியம் 118. இயல்பாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒரு பக்கம், உப்பைக் குறைக்கிறேன் என்று நானே ஏறக்குறைய உப்பில்லாமல் சமைத்தது இன்னொரு பக்கம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "நேற்று முன்தினம் வரை இப்படி இல்லை." மறதிநோய் என்று கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்ததும், "இந்த நோயில் இப்படித்தான் இருக்கும்" என்று பணிமருத்துவர் சொல்லக்கூடும். முன்பு எப்படி இருந்தார் என்பது அவருக்குத் தெரியாது; உங்களுக்குத்தான் தெரியும். பேரன் பெயரைச் சொல்வார், தானே சாப்பிடுவார், கழிவறைக்கு நடந்து போவார் என்று செயலாகச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

காய்ச்சலே இல்லையே, தொற்று எப்படி இருக்கும்?

வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். நிமோனியாவில் இருமல்கூட அதிகம் இல்லாமல், மூச்சு வேகமாக வாங்குவதும் சாப்பாட்டை ஒதுக்குவதும் மட்டுமே தெரியலாம். வெப்பமானி, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, இரத்த அழுத்தக் கருவி ஆகிய நான்கும் வீட்டில் இருக்கட்டும். ஆக்சிஜன் அளவு வழக்கத்தைவிட இறங்கி 94-க்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு திணறுகிறது, முகமோ கையோ ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். நம்பலாமா?

நம்ப முடியாது. அந்தக் கேள்வியே அவருக்குப் பிடிபடாமல் போயிருக்கலாம். "இல்லை" என்பது பழக்கத்தில் வரும் பதிலாக இருக்கலாம். அம்மா "இல்லை" என்று சொன்ன அதே நேரத்தில் கட்டில் கம்பியை விரல் வெளுக்கும்படி பிடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முகச் சுளிப்பு, முனகல், உடலைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவது, ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருப்பது, குளிக்க வைக்கும்போது மட்டும் கோபப்படுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். "வலிக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, முழங்காலில் கைவைத்து "இங்கேயா?" என்று கேட்டால் சில வேளை உண்மையான பதில் கிடைக்கும். பல்லையும் வாயையும் பார்க்க மறக்காதீர்கள். சாப்பிட மறுப்பதற்குப் பல்செட் உறுத்துவது காரணமாக இருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

சளி, தூக்கமின்மை என்றால் மருந்துக்கடையிலேயே மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. அரிப்புக்கும் வாந்திக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகளில் புரோமெத்தசின் இருக்கிறது. இவை மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. மறதிநோய்க்குக் கொடுக்கப்படும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் ஆகியவை அதே அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுபவை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போல ஆகிவிடும். குழப்பமும் சிறுநீர் அடைப்பும் மலச்சிக்கலும் கூடவே வரும்.

இதைவிட அவசரமானது சர்க்கரை மாத்திரை. காய்ச்சலில் காலைச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார், ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வழக்கம்போல கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார் என்றால், பதினொரு மணிக்கு நீங்கள் கூட்டத்தில் இருக்கும்போது சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்வையும் பிதற்றலும் மயக்கமும் மறதிநோயின் குணமாகவே தோன்றும். சாப்பிடாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள். மறதிநோய் உள்ள முதியவருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாட்டு இலக்கைத் தளர்த்தலாமா என்பதையும் அதே நாளில் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் தளர்த்தவே விரும்புவார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி என்று வந்தால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டுமா?

ஒவ்வொரு முறையும் வேண்டியதில்லை. வயதான பெண்கள் பலருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். எரிச்சல், காய்ச்சல், புதிதாக அடக்க முடியாமை போன்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். கிருமி கிடைத்துவிட்டது என்பதற்காக வேறு காரணத்தைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது.

பகல் முழுவதும் அலுவலகத்தில் இருந்துகொண்டு எப்படிக் கண்காணிப்பது?

கேமரா வைத்தவர்கள் உண்டு, நானும் வைத்தேன். கூடத்தில் அம்மா உட்கார்ந்திருப்பது தெரியும், உடம்பு எப்படி இருக்கிறது என்பது தெரியாது. எனக்குப் பயன்பட்டது நாற்பது பக்க நோட்டு ஒன்றுதான். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை தம்ளர் தண்ணீர், சிறுநீர், மலம், மாத்திரை, தூக்கம் ஆகியவற்றை உதவியாளர் குறிக்க வேண்டும். "நன்றாகச் சாப்பிட்டார்" என்று எழுத வேண்டாம், "ஒன்றரை இட்லி" என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு எழுதப் பழக்கமில்லை. தண்ணீருக்குக் கோடும் மலத்துக்கு வட்டமும் போடுவார். மூன்று நாளாக வட்டம் இல்லாததை ஒரு மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டித்தான் கண்டுபிடித்தார்.

தொலைபேசியில் "எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்காங்க" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, மதியம் ஒரு மணிக்கு அழைத்துக் குறிப்பான மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காலையிலிருந்து எத்தனை தம்ளர் குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், நேற்று செய்த எதை இன்று செய்யவில்லை. மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

உதவியாளரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஜென்சி வழியாக வருபவர் செவிலியர் பயிற்சி பெற்றவரா, பராமரிப்பு உதவியாளரா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வேலையும் கூலியும் வேறு. விடுமுறை நாள்களையும் மாற்று ஆளையும் முதல் நாளே பேசிவிட வேண்டும், ஏனென்றால் அவருடைய வீட்டிலும் ஒரு அம்மா இருப்பார், அவருக்கும் காய்ச்சல் வரும்.

பெற்றோரைக் கவனிக்கத் தனி விடுப்பு உண்டா?

இந்தியாவில் அப்படித் தனி விடுப்பு எதையும் தனியார் நிறுவனங்கள்மீது சட்டம் கட்டாயமாக்கவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கும் பெற்றோர் பராமரிப்பு என்ற பெயரில் விடுப்பு இல்லை. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் கட்டுப்படுத்தப்பட்ட விடுமுறை ஆகியவற்றை முதிய பெற்றோரைக் கவனிப்பது உள்ளிட்ட சொந்தக் காரணங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 2025-இல் நாடாளுமன்றத்தில் அரசு விளக்கம் அளித்தது. ஆகவே இருப்பதை எப்படிச் செலவழிப்பது என்பதே கேள்வி. மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் எல்லா விடுப்பையும் தீர்த்துவிடாதீர்கள். அங்கே செவிலியர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். வீடு திரும்பிய முதல் ஒரு வாரத்தில்தான் ஆள் யாரும் இல்லை. முதல் முறை நான் இந்தத் தவறைச் செய்து, அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் சம்பளமில்லா விடுப்புக்கு விண்ணப்பித்தேன்.

மேலாளரிடம் சொல்ல வேண்டுமா? வேலைக்குப் பாதகமாகிவிடாதா?

நெருக்கடி வருவதற்கு முன்பே, அமைதியான ஒரு நாளில் சொல்லிவிடுவது நல்லது. நோயின் விவரத்தைவிட, "மாதத்தில் ஓரிரு நாள் திடீரென்று கிளம்ப வேண்டியிருக்கலாம், அந்த நாளில் என் வேலையை இன்னார் பார்ப்பார், கோப்புகள் இன்ன இடத்தில் இருக்கும்" என்று ஏற்பாட்டோடு சொன்னால் கேட்கிறவருக்கும் எளிது. எல்லா மேலாளரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், "வீட்டில் வேறு பெண்கள் இல்லையா?" என்று கேட்டார்கள். அதற்கு நாகரிகமான பதில் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

மருத்துவமனையில் சேர்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் ஆகிய மூன்றையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் படுக்க வைத்தால், தெளிவாக இருப்பவருக்கே குழப்பம் வரும். பழகிய போர்வை ஒன்றும், நாள் காட்டும் நாள்காட்டி ஒன்றும் கண்ணில் படும்படி இருக்கட்டும். எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள்.

உடனிருக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். இரவு முழுவதும் நீங்களே இருந்து, பகலில் அலுவலகம் போய்விடலாம் என்று தோன்றும். மூன்றாவது நாள் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். ஓர் இரவை அண்ணியோ சித்தப்பா மகனோ கூலிக்கு வரும் அட்டெண்டரோ பார்க்கட்டும். மருத்துவர் சுற்று வரும் நேரம் பெரும்பாலும் காலை என்பதால், அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் இருப்பதற்கு அலுவலகத்தில் அனுமதி கேட்பது அரை நாள் விடுப்பைவிடப் பயனுள்ளது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரை விடமாட்டார்கள். ஆயினும் மறதிநோய் இருப்பதைச் சொல்லி, சாப்பாட்டு நேரத்திலாவது உள்ளே வர அனுமதி கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பல இடங்களில் கிடைத்திருக்கிறது.

ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிவைப்பது இன்னும் பல மருத்துவமனைகளில் நடக்கிறது. கட்டினால் கலவரம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஊசி போட்ட இடத்தைத் துணியால் சுற்றி மறைப்பது, கையில் மடிக்க ஒரு துண்டைக் கொடுப்பது, அருகில் ஒருவர் உட்கார்ந்திருப்பது ஆகியவை பலன் தருகின்றன. அம்மா மருத்துவமனைத் துண்டு ஒன்றை ஒரு நாள் மாலை முழுவதும் புடவை மடிப்பது போல ஓரம் பார்த்து மடித்துக்கொண்டிருந்தார். ஊசிப் பக்கம் கை போகவே இல்லை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், "இது இன்றும் தேவையா?" என்று தினமும் கேளுங்கள்; அது இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. லூயி பாடி வகை மறதிநோய் என்றால் அதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் கலவரத்தை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் அவர்களுக்குக் கடும் ஆபத்தை உண்டாக்கலாம்.

சாப்பிடவில்லை என்று மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

எந்த நிலையில் என்பதைப் பொறுத்தது. டெலிரியத்தால் சில நாள் விழுங்க முடியாமல் இருப்பவருக்கு, தேறும் வரை தற்காலிகமாகக் குழாய் உதவும். மறதிநோயின் கடைசிக் கட்டத்தில் விழுங்கும் திறனே போய்விட்டவருக்கு, குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அந்தக் கட்டத்தில் குழாயைவிடக் கையால் கவனமாக ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. அதாவது நேராக உட்கார வைத்து, சிறு கரண்டியால், கெட்டியான கஞ்சியாகவோ மசித்த சாதமாகவோ கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்த வாய் ஊட்டி, முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாமல் இருப்பது. "பட்டினி போட்டுக் கொன்றுவிட்டான்" என்று ஊர் சொல்லுமோ என்ற அச்சத்தில் குழாய்க்குச் சம்மதிக்கும் குடும்பங்கள் பல. மருத்துவரிடம் "இது எத்தனை நாளைக்கு, எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்டால், அவர் மனத்தில் இருப்பது தற்காலிகமா நிரந்தரமா என்பது வெளிப்பட்டுவிடும்.

மருத்துவச் செலவுக்கு அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. என்ன வழி?

இதைத் தொடக்க நிலையிலேயே, அவருக்குப் புரிந்து கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இருவரில் யாரும் இயக்கலாம் என்ற வகையில் கூட்டுக் கணக்காக மாற்றுவது எளிய வழி. பவர் பத்திரம் எழுதிவிட்டோம், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. அதாவது தேவைப்படும் நேரத்தில் அது செல்லாது. அதன் பிறகு நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமனம் பெறுவதுதான் வழி. காலமும் செலவும் பிடிக்கும்.

வருமான வரியில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவு மறதிநோய்ச் சிகிச்சைக்குச் செலவிட்டதில் மூத்த குடிமக்களுக்கு 1,00,000 ரூபாய் வரை கழிவு அளித்தது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இது பொருந்தும். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இயலாமை இருப்பதாகச் சான்றும், நரம்பியல் நிபுணரின் பரிந்துரைச் சீட்டும் வேண்டும். 2026 ஏப்ரல் முதல் பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால், உங்கள் ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. கவனிப்பவரும் அழைக்கலாம், பராமரிக்கிறவரின் சோர்வும் அவர்களுக்குப் பழகிய விஷயம்தான். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் மறதிநோய்க்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது. கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையில் 200 படுக்கைகள் உள்ளன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தருவதோடு இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம்.

வீடு திரும்பிய பிறகு பழைய நிலைக்கு வந்துவிடுவாரா?

தொற்று குணமான அன்றே குழப்பம் போய்விடாது. சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். சிலர் முன்பிருந்த நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. படுக்கையிலேயே வைத்திருந்தால் நடையும் போய்விடும் என்பதால், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே ஆளைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரையாவது நடக்க வைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு வாரத்துக்குள் குடும்ப மருத்துவரிடம் காட்டி, ஒவ்வொரு மாத்திரையாக "இது எதற்கு, எதுவரை?" என்று கேளுங்கள். மூன்றாவது முறை அம்மா வீடு திரும்பியபோது பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருந்தார். நோயின் தளர்ச்சி என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தோம். மருத்துவமனையில் இரவு கலவரத்துக்காகத் தொடங்கிய தூக்க மாத்திரை சீட்டில் அப்படியே இருந்தது. நிறுத்த வேண்டிய தேதி எழுதப்படவில்லை. குடும்ப மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்தார். முழுவதும் நிறுத்திய நான்காம் நாள் காலையில், அம்மா பால் பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஓரத்தில் ஒழுகுகிறது என்று காட்டினார்.